‘மற்றும் பலர்’ என்று கல்லில் நின்றவன்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பின்னாளில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே கூரை மாற்றிக் கொடுத்தவன் நான். தகப்பன் வைத்துவிட்டுப் போன நிலம் கிடையாது, கைதூக்கிவிட மாமன் மச்சான் கிடையாது. இரண்டு கையும் ஒரு தோளும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு நான் செய்ததைக் கேளுங்கள். இனயத்தில், இரும்பாணி இரண்டு மழைக்குள் பொடிந்துபோகிற உப்புக்காற்றில், கடலைப் பார்த்து நிற்கும் கோயிலுக்கு மரமுளை அடித்துக் கூரை போட்டேன். இன்றைக்கும் ஒரு ஓடு அசையவில்லை. தக்கலையில் ஒரு கல்யாண மண்டபம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பங்களா, விழுந்துவிடும் என்று எல்லாரும் கைவிட்டதை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினேன். பத்மநாபபுரம் அரண்மனையில் ஓடு மாற்றிய கூட்டத்தில் நின்றிருக்கிறேன். சொந்தமாக ஓட்டுக்கடை, சொந்தமாக வீடு, பெண்மக்கள் இரண்டு பேருக்கும் பெரிய படிப்பு. இத்தனைக்கும் மேலே, எங்கள் ஊர்ச் சபையின் ஆலயக் கூரை.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மிஷனரிமார் காலத்துத் தேக்கு. ஆனால் மழை பெய்தால் பாட்டுப்புத்தகத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பாட வேண்டிய நிலைமை. கமிட்டி ஒரு எஞ்சினியரைக் கூட்டிவந்தது. அவர் தரையில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். “மரம் முழுக்கச் செத்துப்போச்சு, இடிச்சிட்டு காங்கிரீட் போடுங்க” என்றார். சாயா குடித்தார், போனார். நான் மேலே ஏறினேன். ஒவ்வொரு மரத்தையும் சுத்தியலால் தட்டிக் கேட்டேன். சுவருக்குள் உட்கார்ந்திருந்த நுனிகள்தான் செத்திருந்தன. நடுமரம் ஆலயமணி மாதிரிச் சத்தம் கொடுத்தது.

முழுக் கூரையையும் பிரித்து இறக்கினேன். ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பால் எண் போட்டேன். கெட்ட நுனியை அறுத்தெறிந்து, புதுத் தேக்கை ஒட்டுச் சேர்த்து, எந்த மரம் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே மறுபடி ஏற்றினேன். ஒரு கோடை முழுக்க அதே வேலை. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்க நாலு நாள் இருக்கும்போது முகட்டு ஓடு வைத்து முடித்தேன். அடுத்த ஞாயிறு நல்ல மழை. சபையார் ஒருவர்கூடப் பிரசங்கத்தைக் கேட்கவில்லை. எல்லாரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

பிறகு வாசலில் கறுப்புக் கல்லில் கல்வெட்டு திறந்தார்கள். பேராயர் பெயர், போதகர் பெயர், செயலர் பெயர், பொருளாளர் பெயர். ‘தொழில்நுட்ப ஆலோசனை’ என்று போட்டு, இடிக்கச் சொன்ன அந்த எஞ்சினியர் பெயர்! அதற்குக் கீழே ‘மற்றும் பலர்’. அந்தப் பலரில் முதல் ஆள் நான்தான். வாயை மூடிக்கொண்டேன். அதற்குப்பின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், அந்தக் கல்லின் பக்கத்தில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

போன வருடம் வாசலை அகலப்படுத்தும்போது அந்தக் கல் இரண்டாக உடைந்தது. ஆண்டவர் வழி திறந்தார் என்றே நினைத்தேன். இப்போதைய செயலர் ஓய்வுபெற்ற வாத்தியார். அவரிடம் போய், புதுக் கல் வெட்டும்போது என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன். “பாப்போம் அண்ணாச்சி” என்றார். அந்தப் ‘பாப்போ’மை நம்பி இருந்த நேரத்தில்தான், ஜப்பானில் வேலை பார்க்கும் என் இளைய மகளும் மருமகனும் எங்களுக்கு டிக்கெட் அனுப்பினார்கள். கல் விஷயம் முடியட்டும் என்றேன். என் மனைவி அதற்குள் பெட்டியில் நாரத்தங்காய் ஊறுகாயை வைத்துக் கட்டிவிட்டாள்.

போன இடத்தில் எனக்கு எதுவும் ஒத்துவரவில்லை. வீட்டுக்குள் ஒரு செருப்பு, கக்கூசுக்குள் வேறு செருப்பு. சாப்பாட்டில் உப்பு இல்லை, மீனை வேகவைக்கப் பொறுமை இல்லை. குளிர் வேறு. பத்தாம் நாள் மகள் சொன்னாள், பக்கத்து ஊரில் ஆயிரம் வருடத்துக்கும் மேலே பழைய புத்தர் கோயில் இருக்கிறது, முழுக்க மரத்தாலேயே கட்டியது, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று. சிதறால் மலைமேல் இருக்கிற சமணர் கோயிலை ஒருமுறை மூச்சுவாங்க ஏறிப் பார்த்திருக்கிறேன், பாறையும் காற்றும்தான். “இதுவும் மலையில ஏறணுமா?” என்று கேட்டேன். இல்லை, ரயில் போகும் என்றாள்.

அந்த ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் போனில் படம் வந்தது. செயலர் அனுப்பியிருந்தார். புதுக் கல்லில் வெட்டப்போகிற வாசகம். நான் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசிப்பேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டு சொல்லை வாசிக்க எனக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். எஞ்சினியர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே மறுபடியும் ‘மற்றும் பலர்’. நாளைக் காலையில் கல்லுக்காரன் வெட்டத் தொடங்குவான் என்று ஒரு வரியும், கும்பிடுகிற கை ஒன்றும்.

உடனே அவரைக் கூப்பிடப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்பா, ரயிலுக்குள்ள போன் பேசப்பிடாது.”

“ஏன், பேசினா ரயிலு நிண்ணு போவுமா?”

“இஞ்ச யாரும் பேசமாட்டாவ. சத்தம் போடாதீங்க, பைய.”

“நாளைக்கு வெட்டப் போறான் மக்களே! வெட்டின பெறவு அழிக்க அது என்ன சிலேட்டா?”

எதிரில் உட்கார்ந்திருந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். “அந்தப் போன் சவத்த உள்ள வையுங்க” என்றாள் என் மனைவி. “பாவம், அந்த ஆளு ஒறங்குதாரு.” ஒரு மனிதனுடைய வாழ்நாள் வேலை அங்கே கல்லில் காணாமல் போகிறது, இவளுக்கு எவனோ ஒருத்தனின் தூக்கம் பெரிதாகிவிட்டது.

இறங்கியவுடன் பிளாட்பாரத்திலேயே நின்று கூப்பிட்டேன். அந்த ஊர் ஸ்டேஷனில் பறவைச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“அண்ணாச்சி, எங்க நிக்கிய? கிளி கத்துத சத்தம் கேக்குது” என்றார் செயலர்.

“ஜப்பான்ல நிக்கேன்.”

“அங்க கிளி உண்டுமா?”

“கிளிய விடும் சாரே. கல்லுல எனக்க பேரு எங்க?”

“பழைய கல்லுல உள்ளத அப்படியே எடுத்து எழுதினதாக்கும். ஒண்ணும் கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல.”

“அதுதான சாரே தப்பு! தப்ப அப்படியே பாத்து எழுதின பயல நீரு பள்ளிக்கூடத்துல அடிச்சிருக்கீரு இல்லியா?”

அவர் பதில் சொல்வதற்குள் மருமகன், “மாமா, பஸ் வந்திட்டு” என்று தோளைத் தொட்டார். பஸ்ஸிலும் பேசக்கூடாதாம். அங்கேயே நின்று பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றால், எனக்கு வழி தெரியாதாம். எனக்கு! இந்த மாவட்டத்தில் நான் ஏறாத கூரை இல்லை, எனக்கு வழி தெரியாதாம்.

கோயில் வாசலில் சரளைக்கல். அது முடிகிற இடத்தில் டிக்கெட். அதைத் தாண்டினால் அறிவிப்புப் பலகைகள். தொடாதே, படம் எடுக்காதே, சத்தம் போடாதே. மருமகன் ஒவ்வொன்றையும் வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய மண்டபத்தைப் பார்க்கலாம் என்று போனால், அதைப் பிரித்து வேலை செய்கிறார்களாம். அந்த மண்டபம் முழுவதையும் மூடி ஒரு ராட்சசக் கொட்டகை. பக்கத்தில் உள்ள சின்ன மண்டபத்துக்குள் மட்டும் போகலாம் என்றார்கள். இவ்வளவு தூரம் குளிரில் வந்தது கொட்டகை பார்க்கவா?

சின்ன மண்டபத்தின் படிக்கட்டில் எல்லாரும் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். நானும் கழற்றினேன். எனக்கு முன்னால் நின்ற வயதானவர், ஒரு ஜப்பான்காரர், மேலே போட்டிருந்த கோட்டையும் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். சரி, இங்கேயும் நம் ஊர் முறைதான் என்று நினைத்தேன்.

இதை இங்கே விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் பேசுவார்கள். நான் சபைக்காரன்தான். ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய கோயில்களில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போக முடியாது. கூரை வேலைக்குப் போனாலும் வாசலில் சட்டையைக் கழற்றி மடக்கி வைத்துவிட்டுத்தான் ஏணியைத் தொட வேண்டும். எத்தனையோ வருடம் அப்படிப் போய்வந்த கை இது. பழைய கோயில், பழைய மரம், முன்னால் நிற்கிறவர் துணியைக் கழற்றி மடிக்கிறார். என் கை தானாக வேலை செய்தது. கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் சட்டை, அதற்குள் மகள் புதிதாக வாங்கித் தந்த ஏதோ கம்பளி பனியன். எல்லாவற்றையும் கழற்றி ஒழுங்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியில் கால் வைத்தேன்.

“ஐயோ ஆண்டவரே! இந்த மனுசன் சட்டையக் கழத்திட்டு நிக்காரு!” என்று என் மனைவி கத்தினாள். சத்தம் போடாதே என்ற பலகைக்குக் கீழே நின்றுதான் கத்தினாள்.

“எப்பா! என்ன செய்யுதிய? போடுங்க, போடுங்க!”

“முன்னால நிக்குத ஆளு கழத்தலியா?”

“அவரு கோட்டுதாம்ப்பா கழத்தினாரு!”

உள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே குனிந்து குனிந்து வணங்கினாள். கும்பிடுகிறாளா, விரட்டுகிறாளா? எனக்குப் பனியனின் கைத்துளை அகப்படவில்லை. பல் கிடுகிடுவென்று ஆடியது.

அப்போதுதான் கொட்டகைப் பக்கத்தில் ஒரு பலகைமேல் உட்கார்ந்து பிளாஸ்க்கில் எதையோ குடித்துக்கொண்டிருந்த ஒரு வேலைக்காரர் எழுந்து வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார், என் வயது இருக்கும். சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் வலது தோளைப் பார்த்தார். உத்திரம் சுமந்து சுமந்து அங்கே காளைத் திமில் மாதிரி ஒரு காய்ப்பு எழும்பியிருக்கும். என் மனைவியே அதை மூடச் சொல்லித்தான் சண்டை போடுவாள். அந்த மனிதர் அதன்மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினார். பிறகு தன் சட்டைக் கழுத்தை விலக்கித் தன் தோளைக் காட்டினார். அங்கேயும் இருந்தது. என்னுடையதைவிடச் சின்னது.

அவர் ஏதோ கேட்டார். “எத்தன வருஷமா மரம் சொமக்குதீங்கண்ணு கேக்காரு மாமா” என்றார் மருமகன்.

“அவரு எத்தன வருஷம்ணு முதல்ல கேளும்.”

அவர் நாற்பது வருடம் என்றார். நான் அதைவிடப் பத்துக் கூடுதல் சொன்னேன். உண்மையும் அதுதான், கிட்டத்தட்ட.

துணியெல்லாம் போட்டு முடிந்தபிறகு அவர் எங்களைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். பார்வையாளர்கள் நிற்கும் இடத்துக்குக் குறுக்கே ஒரு கயிறு. அதைத் தூக்கிப் பிடித்து எங்களை உள்ளே விட்டார். அங்கே பார்த்ததைச் சொன்னால் எங்கள் கமிட்டிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். மொத்தக் கூரையையும் பிரித்து இறக்கி, மரங்களை வரிசையாகக் கட்டைமேல் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சின்னப் பலகை. நான் சுண்ணாம்பில் எழுதினேன், இவர்கள் பலகையில் எழுதிக் கட்டியிருந்தார்கள். செத்த நுனியை அறுத்து, புதுமரம் ஒட்டுச் சேர்த்திருந்தார்கள். குனிந்து ஒட்டைத் தடவிப் பார்த்தேன். தலைமுடி நுழையாது. என் ஒட்டில் நுழையும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இந்த வேலைக்குப் பல வருடம் ஆகுமாம். நான் ஒரே கோடையில் முடித்தேன், அதுவும் மழை துரத்திக்கொண்டு வரும்போது.

“இதத்தான் நான் செஞ்சேன்!” என்று மகளிடம் சொன்னேன். “இஞ்ச டிக்கெட்டு போட்டுக் காட்டுதான். அங்க ‘மற்றும் பலர்’ங்குதான்!”

அவர் எங்களை ஒரு நீள மரத்திடம் கூட்டிப்போனார். முகட்டு உத்திரம். அதன் மேல்பக்கத்தில் கறுப்பு மையால் எழுத்து, மங்கியிருந்தது. பல நூறு வருடத்துக்கு முன்னால் இதே கூரையைப் பிரித்து மேய்ந்தவர்கள் எழுதியதாம். அவர் விரல் வைத்து வாசிக்க, மருமகன் சொல்லிக்கொண்டே வந்தார். “இது தலைமைத் தச்சருக்க பேரு. இது ஓடு வச்சவரு. இது அவரு கூட நிண்ணவிய.”

“எஞ்சினியர் பேரு உண்டுமா, கேளும்.”

“அப்படி ஒண்ணும் இல்ல மாமா.”

அந்தப் பெயர்களை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். ஆனால் உடனே ஆத்திரமும் வந்தது. இவ்வளவு அருமையாக எழுதிவிட்டு, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஓட்டுக்கு அடியில் மறைத்து வைத்தால் என்ன புண்ணியம்? அதைக் கேட்கச் சொன்னேன்.

மருமகன் கேட்டார். அந்த மனிதர் ஆச்சரியமாக என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

“அடுத்தவாட்டி பிரிக்குதவன் கண்ணுல படுமாம். அவனுக்குத்தான் தெரியணுமாம், யாருக்க வேலைண்ணு.”

இதென்ன பதில்! அடுத்து பிரிக்கிறவன் வர இன்னும் முந்நூறு வருடம் ஆகலாம். எனக்கு நாளைக் காலைக்குள் வேண்டும்.

மருமகன் எங்கள் ஆலயக் கூரை விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைக் கேட்டார், உங்கள் கோயில் கூரையில் உங்களோடு நின்றவர்கள் யார் என்று. சொல்லத் தொடங்கினேன். ஏழு பேர். ஐந்து பெயர் கடகடவென்று வந்தது. ஆறாவது வரவில்லை. முகம் வருகிறது, அவன் பீடியைக் காதில் சொருகும் விதம் வருகிறது, பெயர் வரவில்லை. ஏழாவது ஆளும் அப்படியே. அந்த மனிதர் மரத்தில் விரலை வைத்தபடியே காத்துக்கொண்டு நின்றார். அவர் அப்படிக் காத்து நின்றதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. ஐந்து பெயரும் மற்றும் பலரும் என்று நான் அங்கே சொல்ல முடியுமா?

என் மனைவிதான் இரண்டு பெயரையும் சொன்னாள். அந்தக் கோடை முழுக்க மத்தியானம் ஏழு பேருக்கும் எனக்கும் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து பரிமாறியவள் அவள். யாருக்குத் துவையல் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதுகூடச் சொன்னாள்.

“பேரு கேட்டவருக்குக் கஞ்சி வச்சவ பேரும் வேணுமாண்ணு கேளும்” என்றாள் மருமகனிடம். அவர் அதையும் மொழிபெயர்த்துத் தொலைத்தார். அந்த மனிதர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளுக்கு ஒரு வணக்கம் போட்டார். எனக்குப் போடவில்லை.

வெளியே வந்ததும் மகள் ஒன்றும் சொல்லுமுன் செயலரைக் கூப்பிட்டேன். இந்தமுறை கிளி இல்லை.

“சாரே, இஞ்ச ஆயிரம் வருஷத்துக் கோயிலுல ஓடு வச்சவனுக்க பேரு இருக்கு. நான் கண்ணால கண்டேன்.”

“அது ஜப்பான் அண்ணாச்சி. நமக்கு கமிட்டி இருக்கு.”

“கமிட்டியா மழையில ஏறி முகட்டு ஓடு வச்சுது?”

 செயலர் வாத்தியார் குரலில் சொன்னார்: “கல்லுக்காரன ஒரு மாசம் பொறுக்கச் சொல்லுதேன். ஆனா வாயால சொன்னா கமிட்டியில நிக்காது. நீங்க செய்தது என்ன, எப்படிச் செய்தீங்கண்ணு எழுத்து மூலமா தாங்க. அப்பத்தான் நான் வச்சுப் பேசமுடியும்.”

எழுத்து மூலமாக! மரத்தில் எண்ணும் பலகையில் அளவும் தவிர வேறொன்றும் எழுதாதவனிடம் கேட்கிறார். சரி என்றேன். மகளின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தொடங்கினேன், ஊருக்கு வந்து முடித்திருக்கிறேன். பிழையிருந்தால் வாத்தியார் திருத்திக்கொள்ளட்டும், அது அவர் தொழில். கமிட்டிக்கு மட்டும் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பதால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதினேன்.

ஆகவே கேட்கிறேன். எஞ்சினியர் பெயர் இருக்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. ‘இடிக்கச் சொன்னவர்’ என்று சேர்த்து வெட்டினால் போதும். என்னோடு நின்ற ஏழு பேரின் பெயரையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை, அவர்கள் பிள்ளைகள் சபையில் இருக்கிறார்கள். எட்டாவதாக ஒரு பெயரை என் மனைவி தானே அந்தத் தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறாள். அதை வெட்டினால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்த எல்லாப் பெயருக்கும் மேலே, தனி வரியில், ‘இக்கூரையைப் பிரித்து மேய்ந்தவர்’ என்று போட்டு என் பெயர் வர வேண்டும். மாலையோ பொன்னாடையோ நான் கேட்கவில்லை. அந்தக் கூரை என் வேலை. அதைக் கல்லில் சொல்லுங்கள்.